9999 இன் 1: ஒரு தணிக்கை அறிக்கை

போன செமஸ்டரில் எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் ஒரு சின்னத் தகராறு. டேலி பிராக்டிகல் முடிந்து இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. பென் டிரைவிலிருந்து எஃப்சிஇயூஎக்ஸ் என்கிற எமுலேட்டரை எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற சார் திரையில் மாரியோவைப் பார்த்தார். பக்கத்திலேயே மூன்று ஜன்னல்களில் எண்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாரா என்று தெரியாது. "இது என்ன, கேம் விளையாடற இடமா?" என்றார். ஃபோல்டர் போனது. பென் டிரைவ் இரண்டு நாள் அவர் மேஜையில் இருந்தது.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. லேபில் மாரியோ தெரிந்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அன்றைக்கு நான் மாரியோவை விளையாடவில்லை, ஆடிட் செய்துகொண்டிருந்தேன். இதை சாரிடம் சொல்லியிருந்தால் இன்னும் நாலு நாள் பென் டிரைவ் போயிருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன் :-)

சொல்ல வருவது இதுதான். பழைய கேம் கன்சோல்களுக்கான எமுலேட்டர்களில் டீபக்கர் என்று ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த மெனுவைத் திறப்பதே இல்லை. அது புரோகிராமர்களுக்கான ஓரத்து வசதி என்று நினைக்கிறோம். என்னைக் கேட்டால் எமுலேட்டரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கேமை ஓட்டிக்காட்டும் எமுலேட்டர் பாதி வேலைதான் செய்கிறது. கேம் எப்படி ஓடுகிறது என்று கேள்வி கேட்க விடுவதுதான் மீதி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமா பொருட்காட்சியில் ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தார். உங்களில் பல பேர் வீட்டில் அது இருந்திருக்கும். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, மஞ்சள் கலர் கேசட். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது கேம்! ஒரு நாளைக்கு ஒன்று விளையாடினால்கூட 27 வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் விஷயம் புரிந்துவிட்டது. டாங்கி, மாரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது, மறுபடியும் டாங்கி, மறுபடியும் மாரியோ. 'நாம இன்னும் கீழே போகலை, கீழே வேற கேம் இருக்கும்' என்று ஒரு வருஷம் நம்பினேன்.

அந்தப் பெட்டியின் உள்ளே இருந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாமை நகலெடுத்த சர்க்யூட். ஜப்பானில் 1983 ஜூலையில் வந்த மெஷின் அது. அமெரிக்காவுக்கு 1985-ல் என்இஎஸ் என்ற பெயரில் போனது. 6502 குடும்பத்தைச் சேர்ந்த பிராசஸர், நொடிக்கு சுமார் 17.9 லட்சம் துடிப்புகள். வேலை செய்யும் மெமரி வெறும் 2048 பைட். வாட்ஸப்பில் வரும் 'குட் மார்னிங்' படம் ஒன்றே இதைப் போல இருபது முப்பது மடங்கு இருக்கும்.

எனக்கு இந்த 2048 என்ற எண் ரொம்பப் பிடிக்கும். ஏனென்றால் ஒரு மனிதன் உட்கார்ந்து முழுசாகப் பார்த்து முடிக்கக்கூடிய அளவு அது. ஒரு பேரேடு மாதிரி. மாரியோ எங்கே நிற்கிறான், எத்தனை உயிர், எத்தனை காசு, மிச்ச நேரம், எதிரியின் வேகம் எல்லாமே அந்த 2048 கட்டங்களுக்குள் எங்கேயோ எழுதப்பட்டிருக்கிறது. டீபக்கரைத் திறந்தால் அந்தப் பேரேடு கண்ணெதிரே விரிகிறது. கேம் ஓட ஓட எண்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

உயிர் எண்ணிக்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமா? ரொம்ப சுலபம். முதலில் எல்லாக் கட்டங்களையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு ஒரு தடவை செத்துப் போங்கள் (மாரியோவைச் சொல்கிறேன்). 'இப்போது ஒன்று குறைந்திருக்கும் கட்டங்கள் மட்டும் காட்டு' என்று கேளுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் ஒரே ஒரு கட்டம் மிஞ்சும். சூப்பர் மாரியோ பிரதர்ஸில் அது 1882-வது கட்டம். (டீபக்கர் இதை ஹெக்ஸாடெசிமலில் காட்டும். நமக்குப் பழகிய எண்ணில் மாற்றிச் சொல்கிறேன்.)

இத்தோடு நின்றால் சும்மா சீட்டிங். அடுத்த படிதான் முக்கியம். அந்தக் கட்டத்தின் மேல் ஒரு பிரேக்பாயின்ட் வைக்கலாம். 'இந்தக் கட்டத்தில் யார் எழுத வந்தாலும் மொத்த மெஷினையும் நிறுத்து' என்று அர்த்தம். மறுபடி செத்தால் கேம் அப்படியே உறைந்து நிற்கும். டீபக்கர் ஒரு வரியைக் காட்டும்: இதோ, இந்தக் கட்டளைதான் ஒன்றைக் கழித்தது. அதற்கு அடுத்த வரி, 'விடை நெகட்டிவ்வா?' என்று பார்க்கிறது. நெகட்டிவ் என்றால் கேம் ஓவர்.

ஒரு பைட்டில் 127-ஐத் தாண்டிய எண்ணை இந்த பிராசஸர் நெகட்டிவ் என்றும் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆமையின் மேல் குதித்துக் குதித்து உயிர் சேர்த்து 127-ஐத் தாண்டிப் போனவனுக்கு, அடுத்து செத்ததும் கேம் ஓவர்! பேராசைக்கு விழுந்த அடி என்று நினைக்காதீர்கள். கிரெடிட் பேலன்ஸையும் டெபிட் பேலன்ஸையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு, எது எது என்று குழம்பிய கணக்கு அது.

எங்கள் ஆடிட்டிங் பேப்பரில் முதல் பாடமே இதுதான். லெட்ஜரில் ஒரு எண் இருந்தால் அதன் பின்னால் ஒரு என்ட்ரி இருக்க வேண்டும். என்ட்ரிக்குப் பின்னால் ஒரு வவுச்சர். அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகத் தெரிந்தவன்தான் ஆடிட்டர். பிரேக்பாயின்ட் வைப்பதும் வவுச்சர் தேடுவதும் ஒரே வேலை. இரண்டு வருஷமாக வகுப்பில் மனப்பாடம் செய்தது, மாரியோ செத்து விழுந்த அந்த மதியம்தான் எனக்குப் புரிந்தது.

இன்னொரு உதாரணம், என் ஃபேவரிட். மாரியோவின் மைனஸ் உலகம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1-2 லெவலின் கடைசியில் சுவரை ஊடுருவிப் போய் ஒரு குழாயில் இறங்கினால் 'உலகம் -1' என்று வரும். தண்ணீருக்கு அடியில் ஒரு லெவல். முடிவில் இருக்கும் குழாயில் நுழைந்தால் திரும்ப ஆரம்பத்துக்கே கொண்டுவந்து விடும். நான் பள்ளியில் படிக்கும்போது இதைப் பற்றி எத்தனை கதைகள்! கேமை உருவாக்கியவர் ஒளித்து வைத்த ரகசிய உலகம், இத்தனை தடவை சுற்றினால் கதவு திறக்கும், என் அண்ணனோட ஃப்ரெண்டு முடிச்சுட்டான்...

டீபக்கரில் பார்த்தால் கதை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. குழாய் எந்த உலகத்துக்குப் போகிறது என்பதற்கு உள்ளே மூன்று வரிசை கொண்ட ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. முதல் வரிசை 4, 3, 2. இது 1-2 லெவலுக்கு. இரண்டாவது வரிசை 4-2 லெவலில் வரும் ஒற்றைக் குழாய்க்கு. அங்கே நடுவில் மட்டும் 5. இடது, வலது இரண்டும் காலி. திரை போதுமான தூரம் நகர்ந்த பிறகுதான் 'முதல் வரிசையைப் பார்' என்ற குறிப்பு எழுதப்படுகிறது. சுவர் வழியாக வந்தவன் அதற்கு முன்பே குழாயில் இறங்கிவிடுகிறான். கேம் இரண்டாவது வரிசையைப் படித்து, 'காலி'யை ஒரு உலகத்தின் எண்ணாக எடுத்துக்கொள்கிறது.

அந்தக் 'காலி'க்கு என்ன எண்? எழுத்துப் படங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள், அதன் பிறகு 26 ஆங்கில எழுத்துகள், அதற்கு அடுத்த 36-வது படம் வெற்றிடம். ஆக மாரியோ போனது 36-வது உலகத்துக்கு. திரையில் 36-வது படத்தைப் போடுகிறது. அது வெற்றிடம் என்பதால் ' -1' என்று தெரிகிறது. மைனஸும் இல்லை, ரகசியமும் இல்லை. எக்ஸலில் வி-லுக்கப் தப்பான வரிசையை எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது.

மாயம் போய்விட்டதே என்று என் நண்பன் வருத்தப்பட்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரகசிய உலகம் என்ற கதையைவிட இந்தக் கதை எனக்கு அழகாக இருக்கிறது. தவிர, இதை யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை. நானே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, 9999-க்கு வருவோம். இசிஇ படிக்கும் சீனியர் ஒருவர் கேசட்டில் இருப்பதை கம்ப்யூட்டருக்கு எடுக்கும் ஒரு போர்டு செய்து வைத்திருந்தார். பரணிலிருந்து என் மஞ்சள் கேசட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். எமுலேட்டரில் ஓட்டி, மெனுவில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி, ரோமின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று குறித்தேன். வேறு வேறு கேம்கள் இருபதைத் தாண்டவில்லை. மீதி எல்லாம் அதே கேம்கள்தான். மெனு போகும்போது ஒரு கட்டத்தில் 'மூன்றாவது லெவலில் ஆரம்பி' என்று ஒரு பைட்டை எழுதிவிட்டுப் போகிறது; கீழே அதுவே வேறு பெயரில் இருக்கிறது. புத்தகத்தில் ஸ்டாக் 9999, குடோனில் போய் எண்ணினால் இருபது. ஸ்டாக் வெரிஃபிகேஷன் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

பத்து வருஷத்துக்குப் பிறகு மாமாவின் காசுக்கு ஒரு தணிக்கை அறிக்கை கொடுத்த திருப்தி. மாமா சிரித்துவிட்டு, "நீ அதை வெச்சு எத்தனை நாள் விளையாடினேன்னு எண்ணினியாடா?" என்றார். அந்தக் கட்டம் எந்த மெமரியிலும் இல்லை.

இதெல்லாம் என்னைப் போன்ற வேலையில்லாதவனின் பொழுதுபோக்கு; டெவலப்பர்களுக்கு இதில் என்ன? அவர்களுக்குத்தான் இது சோறு. அந்தப் பழைய மெஷின்களுக்கு இன்றைக்கும் புதிய கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2019-ல் மார்ஃப்கேட் கேம்ஸ் என்ற சின்ன ஜெர்மன் குழு 'மைக்ரோ மேஜஸ்' என்ற என்இஎஸ் கேமை வெளியிட்டது. நாலு பேர் சேர்ந்து விளையாடலாம். மொத்தம் 40 கிலோபைட். 1985-ல் வந்த சூப்பர் மாரியோவும் அதே 40 கிலோபைட்தான். இப்படி ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழிக்கும் வேலையை, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் செய்ய முடியாது.

நிஜ மெஷினில் வைத்துப் பார்க்கலாமே என்றால், நிஜ மெஷின் வாய் திறக்காது. தப்பு நடந்தால் திரை கறுப்பாகும், அவ்வளவுதான். அன்றைய டெவலப்பர்களுக்கு விலை உயர்ந்த தனிக் கருவிகள் இருந்தன. வெளியாட்கள் கையில் அவை கிடைக்காது. மார்ட்டின் கோர்த் என்பவர் எழுதிய நோகேஷ் ஜிபிஏ எமுலேட்டரின் டீபக்கர் பதிப்பையே ஒரு காலத்தில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிற்பாடு இலவசமானது. கேம்பாய் அட்வான்ஸின் உள்ளமைப்பை விளக்கி அவர் எழுதிய ஜிபிஏடெக் ஆவணத்தைத்தான் இன்றும் பலர் புரட்டுகிறார்கள். இப்போது மெசென் மாதிரி ஒன்றை எடுத்தால் என்இஎஸ், சூப்பர் என்இஎஸ், கேம்பாய் என்று பல மெஷின்களுக்கும் டீபக்கர் ஒரே இடத்தில், காசு இல்லாமல், சோர்ஸ் கோடோடு கிடைக்கிறது. ஒரு காலத்தில் கம்பெனிகளுக்குள் பூட்டி வைத்திருந்த கருவி இன்று என் ஓட்டை லேப்டாப்பில் இருக்கிறது. இதைவிடப் பெரிய ஜனநாயகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இன்னொரு விஷயம். எமுலேட்டரே பொய் சொன்னால்? அதுவும் நடந்திருக்கிறது. 1997-ல் வந்த இசட்ஸ்நெஸ் அந்தக் காலத்து மெதுவான கம்ப்யூட்டரில் ஓட வேண்டும் என்பதற்காக நிறையக் குறுக்கு வழிகளில் போனது. அன்றைக்கு அது நியாயம்தான். ஆனால் அதை மட்டும் வைத்துச் சோதித்து ரசிகர்கள் மாற்றி எழுதிய பல சூப்பர் மாரியோ வேர்ல்டு லெவல்கள் நிஜ மெஷினில் ஓடவில்லை. கணக்கு டேலி ஆக வேண்டும் என்பதற்காக சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளுவது மாதிரி. 'எப்படியோ ஓடினால் போதும்' என்று இருந்தால் இதுதான் கதி. மெஷினோடு ஒப்பிட்டு, தடம் எடுத்து, எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்த்துத்தான் எமுலேட்டர்களும் நேர்மையாகின. அதைச் செய்ய உதவியதும் டீபக்கர்தான்.

இப்போது சாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: "இது திருட்டு இல்லையா?"

மழுப்பாமல் சொல்கிறேன். எமுலேட்டர் என்பது ஒரு புரோகிராம். அதை எழுதுவது குற்றமில்லை. அமெரிக்காவில் சோனி, கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி மேல் போட்ட வழக்கில் 2000-ம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. பிளேஸ்டேஷனைப் பிரித்து ஆராய்ந்து எமுலேட்டர் செய்தது நியாயமான பயன்பாடு என்றது. (அடுத்த வருஷம் சோனியே அந்த எமுலேட்டரை வாங்கி மூடியது வேறு கதை!) ஆனால் கடையில் விற்றுக்கொண்டிருந்த ஸ்விட்ச்சுக்கு எமுலேட்டர் செய்த யூசு குழு மேல் 2024-ல் நின்டெண்டோ வழக்குப் போட்டது. 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு அவர்கள் கடையை மூடினார்கள். முக்கியக் குற்றச்சாட்டு, பூட்டை உடைக்க உதவியது.

கேமை இணையத்தில் சும்மா இறக்குவது பதிப்புரிமை மீறல்தான். என் மஞ்சள் கேசட்டும் சுத்தமான திருட்டுச் சரக்குதான். மாமா கடையில் காசு கொடுத்து வாங்கியதால் அது வெள்ளையாகிவிடாது. ஆனால் நம் ஊர்ப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ஐ எடுத்து 52-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை ஓட்டும்போது அதன் அடிப்படைக் கருத்துகளைத் தெரிந்துகொள்வதற்காக அதைக் கவனிப்பது, ஆராய்வது, சோதிப்பது மீறலாகாது என்று அதிலேயே இருக்கிறது. அதாவது டீபக்கர் செய்யும் வேலை. எமுலேட்டருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது வெறுமனே விளையாடும் பகுதி. நல்ல பெயர் வாங்கித் தர வேண்டிய பகுதியை நாம் மெனுவில் தூங்க விட்டிருக்கிறோம்.

'பழைய கேம்தானே, போனால் போகட்டும்' என்பவர்களுக்கு ஒரு எண். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது முறைப்படி காசு கொடுத்து வாங்கக் கிடைப்பதில்லை. காப்பாற்ற வேண்டிய சரக்கு நிறைய இருக்கிறது. 1997-ல் தொடங்கிய மேம் திட்டம் ஆர்கேட் மெஷின்களை இப்படித்தான் காப்பாற்றி வருகிறது. அதற்குள்ளேயே டீபக்கர் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓலைச்சுவடி வைத்தால் சுவடி பத்திரமாக இருக்கும். படிக்கத் தெரிந்தவன் ஒருவனாவது இருந்தால்தான் அதில் உள்ளது பத்திரமாக இருக்கும்.

கடைசியாக, காமர்ஸ் பையனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கும் என் வகுப்பு நண்பர்களுக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் கம்பெனிகள் பயன்படுத்தும் அக்கவுன்டிங் சாஃப்ட்வேரில் ஆடிட் டிரெயில் கட்டாயம். எந்த என்ட்ரியை எப்போது மாற்றினாலும் தடம் பதிவாக வேண்டும். அதை அணைக்க முடியக் கூடாது. ஏன் இந்தச் சட்டம்? மெஷின் காட்டும் கடைசி விடையை மட்டும் நம்ப முடியாது, அது எப்படி வந்தது என்று பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதால்தானே? டீபக்கரில் இருக்கும் டிரேஸ் லாகர் ஒவ்வொரு கட்டளையையும் வரிசையாக எழுதி வைக்கிறது. அதுவும் ஒரு ஆடிட் டிரெயில். நாளைக்கு நாம் உட்காரப் போகும் ஆபீஸில் கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்பதைக்கூட மெஷின் சொல்லப்போகிறது. "ஏன்?" என்று அதைக் கேட்கும் பழக்கம் நமக்கு எங்கே வரும்? டேலியில் வவுச்சர் என்ட்ரி போடுவதில் மட்டும் வராது என்பது என் சொந்த அனுபவம்.

அதனால் என் வேண்டுகோள் சின்னதுதான். எமுலேட்டர் போடுவதாக இருந்தால் டீபக்கர் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள். எழுதியவர்களே இலவசமாகக் கொடுக்கும் புதிய கேம்கள் நிறைய இருக்கின்றன; அதில் ஒன்றை எடுத்து, உயிர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். கல்லூரி லேப்களில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால், ஹார்டுவேர் வாங்கும் செலவே இல்லாமல் ஒரு முழு கம்ப்யூட்டரை உள்ளும் புறமும் பார்த்துவிடலாம்.

பென் டிரைவ் திரும்பக் கிடைத்துவிட்டது. அடுத்த செமஸ்டரில் அந்த சாரிடமே செமினாருக்கு இந்தத் தலைப்பைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஒத்துக்கொண்டால் ஒரு பதிவு போடுகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதற்கும் ஒரு பதிவு உண்டு.

டிஸ்கி: உங்கள் வீட்டுக் கேசட்டில் எத்தனை 'இன் 1' போட்டிருந்தது, உண்மையில் எத்தனை இருந்தது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஒருங்கிணைந்த பேலன்ஸ் ஷீட் போட்டுவிடலாம் :-)